ரெண்டு பேரும் சரிபாதி, ஆளுகளுக்கும் லாபத்துல பங்கு: டீட்ல எப்படி எழுதறது?

வேலந்தாவளம்_மஞ்சி:

வணக்கமுங்க. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல மஞ்சி (தென்னை நார்) மில் ஒண்ணு என் பேர்ல ஓடிட்டு இருக்கு. வர ஏப்ரல்ல இருந்து பொள்ளாச்சி சிநேகிதர் ஒருத்தரும் நானும் சேர்ந்து பார்ட்னர்ஷிப்பா மாத்தறோம். ஆளுக்குப் பத்து லட்சம் முதலீடு, சரிபாதி. மில், தேங்காய் மட்டை கொள்முதல், காய வைக்கற களம் எல்லாம் என் பொறுப்பு. விற்பனை, கணக்கு, ஏற்றுமதி ஏஜெண்டுகள் அவர் பொறுப்பு. இடம் என்னோடது.

வேலைக்கு 13 பேர்: மெஷின் ஆபரேட்டர் 3, மட்டை போடறதுக்கும் களத்துக்கும் 8, டிரைவர் ஒருத்தர், கணக்கு எழுத ஒருத்தர். லாபத்துல 15 சதவீதம் ஆளுகளுக்குன்னு ரெண்டு பேருமே மனசார முடிவு பண்ணிட்டோம். அதை டீட்லயே (பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பத்திரத்துலயே) எழுதலாமா, தனியா எழுதணுமா? எந்த லாபத்துல 15? ஆள் ஆளுக்கு எப்படிப் பிரிக்கறது? ரெண்டு பேரும் சரிபாதியா இருந்து, ஒரு விஷயத்துல ஒத்துப் போகலைன்னா யார் சொல்றது நிக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேரேடு_பொள்ளாச்சி:

15 என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். எதில் 15 என்பதுதான் முதலில் வர வேண்டியது. "நிகர லாபத்தில் 15 சதவீதம்" என்று ஒற்றை வரி எழுதினால், பார்ட்னர் சம்பளத்துக்கு முன்னா பின்னா, முதல் மீதான வட்டிக்கு முன்னா பின்னா, வரிக்கு முன்னா பின்னா என்று ஆளுக்கு ஓர் அர்த்தம் பிடித்துக்கொள்வார்கள். லாபம் கம்மியான முதல் வருஷத்திலேயே இது வெடிக்கும்.

1932ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம், 13ஆம் பிரிவு: டீட்டில் எழுதாவிட்டால் பார்ட்னருக்குச் சம்பளம் கிடையாது, லாப நஷ்டம் சமபங்கு. முதலுக்கு வட்டியும் எழுதியிருந்தால்தான் உண்டு, அதுவும் லாபத்திலிருந்து மட்டும். ஆகவே உங்கள் இருவர் உழைப்புக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டால் உங்கள் உழைப்பின் கூலியும் சேர்ந்து "லாபம்" ஆகி, ஆட்களுக்குப் போகும் பங்கு ஊதிப்போய்த் தெரியும். பிறகு அதைக் குறைக்க நினைப்பீர்கள், மனஸ்தாபம் வரும்.

நான் வைக்கச் சொல்லும் வரிசை இது. ஒரு வருஷம் எல்லாச் செலவும் தேய்மானமும் போக 18,00,000 நின்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் மீது 12 சதவீத வட்டி (வருமான வரியில் இதற்கு மேல் செலவாக ஏற்க மாட்டார்கள்), ஆளுக்கு 1,20,000, ஆக 2,40,000. பார்ட்னர் சம்பளம் ஆளுக்கு மாதம் 30,000, வருஷத்துக்கு ரெண்டு பேருக்கும் 7,20,000. மீதி 8,40,000. இதில் மெஷின் மாற்று நிதி என்று 1,50,000 எடுத்து வையுங்கள். டிரம், பேரிங், மோட்டார் என்று எது எப்போது போகும் என்று சொல்ல முடியாத தொழில் இது. மீதி 6,90,000. இதைத்தான் டீட்டில் "பகிர்வுக்குரிய லாபம்" என்று பெயரிட்டு, இந்த வரிசையையே அட்டவணையாக ஒட்ட வேண்டும். இதில் 15 சதவீதம் 1,03,500. அது ஆட்களுக்கு.

ஆட்களுக்குக் கொடுப்பது நிறுவனத்தின் செலவு. ஆகவே வரிக்கு முன்பே கழியும். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள் கையில் கொடுத்திருந்தால்தான் அந்த வருஷச் செலவு. ஒதுக்கீடு என்று பேரேட்டில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாற்று நிதி செலவு ஆகாது, அதற்கும் வரி உண்டு. எனவே வரிக்குரிய லாபம் 7,36,500. 30 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வரி 2,29,788. மாற்று நிதி போக உங்களுக்கு ஆளுக்கு 1,78,356. அந்தப் பங்குக்கு உங்கள் தனிக்கணக்கில் வரி இல்லை. சம்பளத்துக்கும் வட்டிக்கும் உண்டு.

பார்ட்னர் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது. 2024 பட்ஜெட்டுக்குப் பிறகு, புத்தக லாபத்தின் (முதல் மீதான வட்டியும் ஆட்கள் பங்கும் போக, பார்ட்னர் சம்பளம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தின்) முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது; அதற்கு மேல் 60 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் வரம்பு 10,53,900 வரை போகிறது, 7,20,000 தாராளமாக உள்ளே. இன்னொன்று, 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பார்ட்னருக்குப் போகும் சம்பளமும் வட்டியும் வருஷத்தில் 20,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்துக் கட்ட வேண்டும். உங்கள் கணக்கில் ஆளுக்கு 48,000. மாதாமாதம் கணக்கில் வரவு வைக்கும்போதே பிடிக்க வேண்டும், மார்ச்சில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

மார்ச் 31 சரக்கு இருப்புதான் இந்தத் தொழிலில் லாபம் ஒளிந்துகொள்ளும் இடம். களத்தில் கிடக்கும் நார்த்தூளை எடையாக மட்டும் எழுதாதீர்கள். 60 சதவீதம் ஈரத்தில் 100 டன் காட்டும் குவியல், 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் 50 டன். முதல் நாள் மழை பெய்திருந்தால் இருப்பும் லாபமும் சேர்ந்து வீங்கும், அந்த வீக்கத்தில் 15 சதவீதம் ரொக்கமாக வெளியே போகும். ஈரமானி வைத்து அளந்து, காய்ந்த எடைக்கு மாற்றி, அடக்க விலை, சந்தை விலை ரெண்டில் எது குறைவோ அதைப் போடுங்கள். அன்று நீங்கள் இருவரும், ஆட்கள் சார்பில் ஒருவரும் களத்தில் நின்று மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சித்தூர்ப்புழை:

மேலே கணக்கு தெளிவாச் சொல்லியிருக்காங்க. சரிபாதி விஷயத்துக்கு வரேன்.

பார்ட்னர்ஷிப் சட்டத்துல சாதாரண விஷயங்கள் பெரும்பான்மைப்படி முடிவாகும், தொழிலோட தன்மையை மாத்தணும்னா எல்லாரும் ஒத்துக்கணும். ரெண்டு பேர் மட்டும் இருக்கற இடத்துல பெரும்பான்மையே கிடையாது. யார் சொல்றது நிக்கும்னு சட்டம் சொல்லித் தராது, நீங்கதான் எழுதணும்.

முதல்ல பொறுப்பைப் பிரிச்சு எழுதுங்க. மட்டை விலை, ஆள் வேலை நேரம், மெஷின் ரிப்பேர் உங்க முடிவு. விற்பனை விலை, கடன் நாள், ஏஜெண்ட் கமிஷன் அவர் முடிவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உச்சவரம்பு போடுங்க. உதாரணமா ஒரே பில்லு 2 லட்சத்துக்கு மேல, ஒரே வியாபாரிகிட்ட 5 லட்சத்துக்கு மேல கடன், புது மெஷின், பேங்க் கடன், சொந்தக்காரங்களை வேலைக்கு வைக்கறது, ஆளுகளோட லாபப் பங்கு விகிதத்தை மாத்தறது, இதெல்லாம் ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான். சொந்தக்காரங்க விஷயத்தைச் சின்னதா நினைக்காதீங்க, சரிபாதி தொழில்ல மனசு முறியறது பெரும்பாலும் அங்கதான்.

பேங்க்லயும் அதே வரம்பைக் கொடுத்து வைங்க. டீட்ல ஒண்ணு, பேங்க் மேன்டேட்ல (யார் கையெழுத்து எதுவரை செல்லும்னு பேங்க்ல எழுதிக் கொடுக்கறதுல) இன்னொண்ணுன்னா வெளியாளுக்குப் பேங்க்ல இருக்கறதுதான் கணக்கு. ஒரு பார்ட்னர் தொழில் பேர்ல வாங்கற கடனுக்கு இன்னொருத்தர் முழுசாப் பொறுப்பு, பாதிக்கு மட்டும் இல்லை.

ஒத்துப் போகலைன்னா: 7 நாள் ஆறப் போடறது, அப்புறம் ரெண்டு பேருக்கும் பொதுவான ஒருத்தர்கிட்ட 15 நாள், அப்பவும் தீரலைன்னா 1996ஆம் வருஷ ஆர்பிட்ரேஷன் சட்டப்படி தனி நடுவர் ஒருத்தர். நடுவர் உட்கார்ற இடம் பாலக்காடா கோயம்புத்தூரான்னு இப்பவே எழுதிடுங்க. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கறப்ப, எந்தக் கோர்ட்டுங்கற சண்டையிலயே வருஷம் ஓடிடும்.

பிரியறதுன்னு வந்தா, அண்ணன் தம்பி காடு பிரிக்கற மாதிரி: ஒருத்தர் கோடு போடணும், இன்னொருத்தர் எடுத்துக்கணும். அதாவது ஒருத்தர் ஒரு பாதிக்கு விலை சொல்லணும், மத்தவர் அந்த விலைக்கு வாங்கலாம் இல்லைன்னா விக்கலாம். இதுல ஒரு ஓட்டை உண்டு. கையில பணம் இருக்கறவர், மத்தவரால புரட்ட முடியாதுன்னு தெரிஞ்சு விலையை அடிச்சுச் சொல்லிடுவார். அதுக்குத்தான் மூணு விஷயம் சேர்த்து எழுதணும்: பதில் சொல்ல 60 நாள், பணம் கட்ட 25 சதவீதம் முதல்லயும் மீதி 12 மாசத் தவணையும், சொன்ன விலை கடைசித் தணிக்கைக் கணக்குப்படி முதலீட்டுக் கணக்குல இருக்கற தொகைக்குக் கீழ போகக் கூடாது.

விலகறவர் பேரை ரிஜிஸ்ட்ரார்கிட்ட மாத்தி, கெஜட்லயும் உள்ளூர் மொழிப் பத்திரிகையிலயும் அறிவிப்பு கொடுக்கற வரைக்கும், அதுக்கப்புறம் வாங்கற கடனுக்கும் அவர் மாட்டலாம். பேங்க்ல கொடுத்த பர்சனல் கேரண்டி தனி. அதை எழுத்துல விடுவிக்கச் சொல்லி வாங்கணும்.

உங்க இடத்தை முதலீடா உள்ள விடாதீங்க. தொழிலுக்கு வாடகைக்குக் கொடுங்க, வாடகை ஒப்பந்தத்தைப் பதிஞ்சிடுங்க, பார்ட்னர்ஷிப் கலைஞ்சா மெஷினைக் கழட்ட எத்தனை மாசம் டைம்னு அதுல எழுதுங்க. வாடகை தொழிலோட செலவு, அதனால ஆளுகளோட பங்கு குறையும். பக்கத்து மில் வாடகை எவ்வளவோ அந்த அளவுல நிறுத்துங்க.

கோபாலபுரம்_ஷிப்டு:

ஆளுக பக்கம் நான் சொல்றேன்.

ஆளுகளுக்கு லாபப் பங்குங்கறதை டீட்ல ஒரே ஒரு வரியா வைங்க: "இணைப்புத் திட்டப்படி வழங்கப்படும், இதனால் எந்தத் தொழிலாளியும் பங்குதாரர் ஆகமாட்டார்." விவரம் எல்லாம் தனித் திட்டத்துல. டீட்ல விரிவா எழுதினா ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் டீட்டைத் திருத்தணும். சம்பளத்தோட சேர்த்து லாபத்துல பங்கு வாங்கறதால மட்டும் ஒரு வேலையாள் பார்ட்னர் ஆயிட மாட்டார்னு அதே பார்ட்னர்ஷிப் சட்டம் 6ஆம் பிரிவுல சொல்லுது. ஆனா அவருக்கு "பார்ட்னர்"னு விசிட்டிங் கார்டு அடிச்சுக் கொடுத்து, வியாபாரிகிட்டப் பேச விட்டா நிலைமை வேற. அதை நம்பிக் கடன் கொடுத்தவன் அவர் மேலயே கேஸ் போட முடியும். நல்லது செய்யறதா நினைச்சு அந்தப் பாவத்தைச் செய்யாதீங்க.

பிரிக்கறதுக்குப் புள்ளி முறை. வேலைக்கு வந்த நாள் பெருக்கல் வேலையோட எடை. உங்க ஆளுகளுக்குப் போட்டுப் பார்க்கறேன். ஆபரேட்டர் 3 பேர், 290 நாள், எடை ஒன்றரை: ஆளுக்கு 435 புள்ளி. களத்து ஆள் 8 பேர், 260 நாள், எடை ஒண்ணு: 260 புள்ளி. டிரைவர், கணக்கு ரெண்டு பேர், 300 நாள், எடை ஒண்ணேகால்: 375 புள்ளி. மொத்தம் 4,135. மேல வந்த 1,03,500ஐ வகுத்தா புள்ளிக்கு 25 ரூபாய் 3 பைசா. ஆபரேட்டருக்கு 10,888, களத்து ஆளுக்கு 6,508, டிரைவர், கணக்குக்கு 9,386. இந்த மொத்தக் கணக்கும் ஒரே பக்கத்துல, தமிழ்லயும் மலையாளத்துலயும், வடக்கத்தி ஆளுக இருந்தா இந்தியிலயும் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். ஒட்டறதுக்குச் சங்கடமாத் தெரிஞ்சா அந்தத் திட்டத்துல எங்கயோ கோளாறு இருக்குன்னு அர்த்தம்.

கிலோவுக்கு இவ்வளவுன்னு வைக்கறது வேற, அதை லாபப் பங்குன்னு சொல்லாதீங்க. மஞ்சி மில்லுல கிலோ கணக்கு வெச்சா ஈரம் காயாத மஞ்சியே கட்டுக்கு வரும், தூளைச் சரியா உதறாம எடை ஏத்துவாங்க. பேலோட (கட்டோட) தரம் போய் வாங்கறவர் விலையைக் குறைப்பார், கடைசியில எல்லாரோட பங்கும் குறையும். மாசாமாசம் லாபம் பார்த்துக் கொடுக்கறதும் ஒத்து வராது. ஜூன், ஜூலையில மழைக்குக் களம் நின்னா நஷ்டம் காட்டும், மார்ச்சுல கொழிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் சரி.

எப்போ கொடுக்கறது? நம்ம பக்கம் பாதிப் பேர் ஓணத்துக்கு எதிர்பார்ப்பாங்க, பாதிப் பேர் தீபாவளிக்கு. கணக்கு முடிஞ்சு ஜூலைக்குள்ள தொகை தெரிஞ்சிடும். அவங்கவங்க விருப்பத்தை ஏப்ரல்லயே எழுதி வாங்கி, அந்தப் பண்டிகைக்கு முன்னாடி பேங்க்ல போட்டுடுங்க. ஓணத்துக்கு முன்பணம் கொடுத்தா, "லாபப் பங்கில் கழிக்கப்படும்"னு ரசீதுல இருக்கணும். லாபத்தோட சம்பந்தமே இல்லாம ஒரே தொகையை வருஷா வருஷம் விடாம கொடுத்துட்டு வந்தா, அது வழக்கப் போனஸ்னு உரிமையாயிடும். அப்புறம் நஷ்ட வருஷத்துலயும் நிறுத்த முடியாது.

சட்டப்படியான போனஸ் வேற, இது வேற. முன்னாடி இருந்த 1965 போனஸ் சட்டத்துல கரண்டு மெஷினோட 10 பேர் வேலை செஞ்சாலே தொழிற்சாலைன்னு உள்ள வந்துடுச்சு, குறைஞ்சது 8.33 சதவீதம், உச்சம் 20. அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்துல போனஸுக்கு வரம்பு 20 பேர். 13 பேருக்கு இப்போ கட்டாயம் இல்லை. ஆனா கான்ட்ராக்ட் ஆளுகளையும் சேர்த்து 20ஐத் தொட்டுட்டா நிலைமை மாறும். அதனால திட்டத்துலயே எழுதுங்க: சட்டப்படி போனஸ் கொடுக்க வேண்டி வந்தா, அது போக மிச்சம்தான் லாபப் பங்கு. லாபப் பங்கு இருக்குன்னு குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ ஒருத்தரையும் வைக்க முடியாது.

சரக்கு ஏத்தி இறக்கற சுமட்டுத் தொழிலாளிகளை இதுல சேர்க்காதீங்க. கேரளத்துல அவங்களுக்கு 1978 சட்டமும் தனி நல வாரியமும் இருக்கு, உங்க சம்பளப் பட்டியல்ல இல்லாதவங்க.

பாதியில போறவங்களுக்கு வந்த நாளுக்குப் புள்ளி உண்டு, வருஷக் கணக்கு முடிஞ்சதும் அவங்க கணக்குக்கே அனுப்பிடணும். "இருந்தாத்தான் பங்கு"ன்னு பிடிச்சு வைக்க நினைப்பாங்க சில பேர். உழைச்ச உழைப்புக்கு அது நியாயம் இல்லைங்க. ஆள் நிக்கணும்னா மூணு வருஷம் முடிஞ்சவங்களுக்கு எடையைக் கால் கூட்டிக் கொடுங்க. திருட்டு, பண மோசடி, மில்லுல அடிதடின்னு விசாரிச்சு நிரூபிச்சு நீக்கினவங்களுக்கு மட்டும் இல்லைன்னு எழுதுங்க.

வடகரை_மாதிரி:

ஒரு கேள்வி, கூட்டுறவுச் சங்கமாவே ஆக்கிட்டா என்ன? 1925ல தொடங்கின ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், 1969ல வந்த கண்ணூர் தினேஷ் பீடி, 1958ல திருச்சூர்ல திறந்த இந்தியன் காபி ஹவுஸ் எல்லாம் இதே கேரளத்துலதானே இருக்கு.

பேரேடு_பொள்ளாச்சி:

அவை தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் அமைப்புகள், ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பத்து லட்சம் போட்டவருக்கும் நூறு ரூபாய் பங்கு எடுத்தவருக்கும் ஒரே ஓட்டு. அது நல்ல வழிதான். ஆனால் கேள்வி கேட்டவர் முதலையும் முடிவெடுக்கும் உரிமையையும் இருவருக்குள் வைத்துக்கொள்ள நினைக்கிறார், அவருக்கு இது பொருந்தாது.

வேலந்தாவளம்_மஞ்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரமா எதிர்பார்க்கலை. இன்னும் ரெண்டு. தலைமை ஆபரேட்டர் 5 சதவீதம் பார்ட்னராவே சேர ஆசைப்படறார். அப்புறம், எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா மில் என்னாகும்?

சித்தூர்ப்புழை:

ஆபரேட்டருக்கு அதோட மறுபக்கத்தைச் சொல்லிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. 5 சதவீதம் பார்ட்னர்னாலும் தொழிலோட கடனுக்கு வெளியாள் முன்னாடி 100 சதவீதம் பொறுப்பு, அவர் வீடு வரைக்கும் வரும். நஷ்டத்துல பங்கு இல்லைன்னு உங்களுக்குள்ள எழுதிக்கலாம், பேங்க்கை அது கட்டாது. அவருக்கு வேணுங்கறது மரியாதையும் நிலையான வருமானமும்னா எடையை ரெண்டாக்கி, மாசாமாசம் கணக்குப் பார்க்கற உரிமையையும் கொடுங்க. உண்மையிலேயே உரிமை வேணும்னா எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) ஆக்குங்க, அதுல அவர் போட்ட முதலோட பொறுப்பு நின்னுடும். எல்எல்பில மே 30க்குள்ள ஃபாரம் 11 (வருஷ அறிக்கை), அக்டோபர் 30க்குள்ள ஃபாரம் 8 (கணக்கு அறிக்கை) தாக்கல் பண்ணணும். வருஷ விற்பனை 40 லட்சத்தையோ முதல் 25 லட்சத்தையோ தாண்டினா தணிக்கை கட்டாயம். மஞ்சி மில்லுல 40 லட்சம் தாண்டும், அந்தச் செலவை இப்பவே கணக்குல வைங்க.

ரெண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். "ஒருவர் இறந்தாலும் தொழில் கலையாது"ன்னு டீட்ல எழுதறது மூணு பேர் இருந்தாத்தான் வேலை செய்யும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா மிச்சம் ஒரு ஆள். ஒரு ஆள் பார்ட்னர்ஷிப் கிடையாது, அன்னிக்கே கலைஞ்சுது. பேன், ஜிஎஸ்டி, பேங்க் கணக்கு எல்லாம் செத்துடும். அதனால ஆரம்பத்துலயே ரெண்டு வீட்டுலயும் ஒரு ஒருத்தரை, மனைவியோ பெரிய மகனோ மகளோ, 1 சதவீதத்துக்குச் சேர்த்து 49, 49, 1, 1ன்னு எழுதுங்க. அவங்களும் கடனுக்குப் பொறுப்பாவாங்கன்னு சொல்லி, சம்மதத்தோட. ஓட்டு ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு ஒண்ணுதான்னு சேர்த்து எழுதினா சரிபாதி கெடாது. எல்எல்பின்னா ஒரே ஆளா 6 மாசம் வரைக்கும் ஓட்டலாம், அதுக்குள்ள இன்னொருத்தரைச் சேர்க்கணும்.

பேரேடு_பொள்ளாச்சி:

காரிய வரிசை: டீட், அதன் பேரில் புதுப் பேன், பேங்க் கணக்கு, ரிஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸில் பதிவு, புது ஜிஎஸ்டி. பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பதியாத பார்ட்னர்ஷிப் ஒப்பந்தப் பாக்கிக்காக வியாபாரி மேல் வழக்குப் போட முடியாது, உங்கள் பேல் பணம் பொள்ளாச்சியிலோ தூத்துக்குடியிலோ நின்றால் கேட்க வழியில்லாமல் போகும்.

உங்கள் பழைய தனிப்பெயர் ஜிஎஸ்டியில் நிற்கும் வரி வரவை ஐடிசி-02 படிவம் மூலம் புதுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். பழையதை ரத்து செய்வதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். பார்ட்னர் பொள்ளாச்சியில் வெறும் ஆபீஸ் வேலை பார்த்தால் கேரளப் பதிவு போதும். அங்கே குடோன் எடுத்துச் சரக்கு வைத்து விற்றால் தமிழ்நாட்டில் தனிப் பதிவு வேண்டும். கோபாலபுரம் தாண்டி உங்கள் குடோனுக்கே அனுப்பினாலும் அப்போது ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) பில் போட வேண்டும், 50,000க்கு மேல் என்றால் இ-வே பில்லும் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டும்). அந்த உள் பில் விலையை லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்; குடோனில் விற்காமல் கிடக்கும் சரக்குக்கு லாபம் கிடையாது, அதில் ஆட்களுக்கு 15 சதவீதமும் கிடையாது. திட்டத்தில் இதற்கு ஒரு தனி வரி போட்டுவிடுங்கள்.